ஒரு கரைக்கு ஒரு துள்ளல் போதும்

பிள்ளைகளே, கணினியில் எப்படி வேலை செய்வது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். பரந்தன் சந்தியில், முல்லைத்தீவு வீதி பிரிகிற இடத்தில், பெயர்ப்பலகையும் பனரும் ஸ்டிக்கரும் செய்கிற கடையை இத்தனை வருடம் நடத்தியும், இயந்திரம் கோபித்துக்கொண்டால் எங்கே தட்டிச் சமாதானப்படுத்துவது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நான் சொல்லக்கூடியது வேறு. ஒரு வாடிக்கையாளர் வருவார். எனக்கு இந்த எழுத்துத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார். கொடுப்பதா, மறுப்பதா? யோசிக்க உங்களுக்குக் கிடைப்பது அவருக்கு வாங்கிக் கொடுத்த பால் விடாத பிளேன்ரீ ஆறும் நேரம். அந்த நேரத்தில் தலை எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். நான் மட்டும் சொல்லித்தந்துவிடுவேனா என்றால் அதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடையின் பெயரை வெளியே தெரிய வைத்தது ஒரு எழுத்துரு. பெயர் 'துள்ளல்'. ஒரு முன்பள்ளிச் சுவருக்காக நான் தூரிகையால் எழுதிய எழுத்துகள் அவை. சுவரைப் பார்த்தவுடன் பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்று அந்த ஆசிரியை கேட்டிருந்தார். அதனால் ஒரு எழுத்தையும் ஒழுங்காக வரியில் நிற்க விடவில்லை. ஒன்று எட்டிப் பார்க்கும், பக்கத்தில் உள்ளது குந்தியிருக்கும். 'கெ'யில் வரும் ஒற்றைக்கொம்பு, கிடாயின் கொம்பு போலச் சுருண்டிருக்கும். மெய்யெழுத்தின் புள்ளி யாரோ மேலே எறிந்த பந்து மாதிரிக் காற்றில் நிற்கும். என்னோடு வேலை செய்த கீர்த்தனா, வடிவமைப்புப் படித்துவிட்டு வந்தவள், அந்தச் சுவரைப் படமெடுத்து வந்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகக் கணினிக்குள் ஏற்றி அதை எழுத்துருவாக்கினாள். கை என்னுடையது, பொறுமை அவளுடையது. எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது, சந்தேகமென்றால் கடைக்கு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த வருடம் துள்ளல் வீதியெங்கும் துள்ளிக்கொண்டு திரிந்தது. ஐஸ்கிறீம் விற்கும் கூல் பார், பிறந்தநாள் பனர், பேக்கரிப் பாண் விற்கும் ஆட்டோ, குழந்தை உடுப்புக் கடை. எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. எங்கே பொருந்தாது என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதுதான் பாடாய்ப் படுத்தியது. மாங்குளத்திலிருந்து ஒரு நொத்தாரிசு வந்தார், காணி உறுதி முடிப்பவர். பேத்திக்குப் பிடித்த எழுத்தாம், தன்னுடைய பெயர்ப்பலகைக்கு அதுவே வேண்டும் என்றார். கீர்த்தனா அவருடைய பெயரைத் துள்ளலில் போட்டுத் திரையைத் திருப்பினாள். பெயர் குத்துக்கரணம் அடித்துக்கொண்டிருந்தது. ஐயா, உறுதி முடிக்க வருகிறவர் இதைப் பார்த்தால் தன்னுடைய எல்லைக்கல்லும் இப்படித்தான் துள்ளுமோ என்று பயப்பட மாட்டாரா என்று கேட்டேன். மனிதர் கோபித்துக்கொண்டு எழும்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, நேரான எழுத்தில் போடச் சொன்னார். சொல்லை வாசிக்கும் முன்பே எழுத்தின் தோற்றம் ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று அன்று கீர்த்தனாவிடம் பெரிய பேச்சுப் பேசினேன். பேசினேனே தவிர, அதன் கருத்து எனக்கே முழுதாக விளங்கியது பிறகு ஒரு கடற்கரையில்தான்.

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து யூட் என்ற மீனவர் கடைக்கு வந்தார். பல வருடம் மற்றவர்களின் படகில் வேலை செய்துவிட்டு, அப்போதுதான் சொந்தப் படகு எடுத்திருந்தார். பரந்தனில் இருக்கும் மனைவியின் தமக்கை வீட்டுக்கு வந்துபோகும்போது கூல் பார் பலகை கண்ணில் பட்டிருக்கிறது. படகுக்கு மகள் வைத்த பெயர் மின்மினி. அதை அந்த எழுத்தில்தான் ஒட்ட வேண்டும் என்றார். நான் மறுத்தேன். கடல் விளையாட்டுக் காரியமல்ல, படகுக்கு நிமிர்ந்த எழுத்துத்தான் மரியாதை என்று சொன்னேன். நொத்தாரிசு மாதிரி அவர் கோபிக்கவில்லை.

"அக்கா, நான் கடலுக்குப் போறது சிரிச்சுக்கொண்டுதான். படகும் சிரிச்சுக்கொண்டு போகட்டும், என்ன குறையுது?" என்றார்.

பிளேன்ரீ ஆறிப்போனது, அவர் கேட்டதற்கே சம்மதித்தேன். படகின் நீல நிற முன்பக்கத்தில் வெள்ளை எழுத்தாக ஒட்டிக் கொடுத்தோம். பதிவு இலக்கம் மட்டும் சட்டப்படி நேராக நின்றது. கரையில் அதற்கு 'ஐஸ்கிறீம் போட்' என்று பட்டம் வைத்துச் சிரித்தார்களாம். யூட்டும் சேர்ந்து சிரித்தாராம்.

அடுத்த வருடம் அதே கிராமத்து மீனவர் சங்கத் தலைவர் வந்தார். ஊரே அவரைத் தலைவர் அண்ணை என்றுதான் கூப்பிடும். அவர்களுடைய தேவாலயத் திருநாளில் ஒரு வழக்கம் உண்டு. படகுகளை அலங்கரித்து, புனிதரின் சொரூபத்தை ஒரு படகில் ஏற்றி, மற்றவை எல்லாம் சூழ்ந்து வரக் கடலில் கொஞ்சத் தூரம் போய்த் திரும்புவார்கள். அந்த முறை வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர், எல்லாப் படகுகளுக்கும் புதிதாகப் பெயர் ஒட்டும் செலவைத் தான் ஏற்பதாகச் சொல்லியிருந்தார். மேலேயிருந்து ட்ரோனில் படம் எடுக்கவும் ஏற்பாடு. எல்லாப் படகும் மின்மினியைப் போலவே துள்ள வேண்டும், பார்த்தால் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. சிரித்த ஊரே இப்போது கேட்டு வந்திருக்கிறது. கீர்த்தனாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வருடத்தில் எங்களுக்கு வந்த ஆகப் பெரிய வேலை அதுதான். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் ஓம், செய்து தருகிறோம் என்றேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒட்டுகிற இடத்தை என் கண்ணால் பார்க்காமல் ஸ்டிக்கர் வெட்ட விடமாட்டேன். அளவு அனுப்பினால் போதாதா என்று எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். படகின் முன்பக்கம் வளைந்திருக்கும், ஒன்றைப்போல் ஒன்று வளையாது. ஆகவே முதல் பஸ்ஸைப் பிடித்துக் கரைக்குப் போனேன். அப்போது கச்சான் காற்றுக் காலம். அது கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று, திரும்பி வருகிற படகுகளுக்கு எதிர்க்காற்று. அன்று கொஞ்சம் பலமாகவே இருந்தது. படகுகள் பிந்தின. கரையில் பெண்கள் காத்து நின்றார்கள். யூட்டின் மனைவி மெற்றில்டா ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து என்னை இருக்கச் சொன்னார்.

இருந்து பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கரை கிழக்கே பார்த்தது. காலையில் படகுகள் வரும்போது சூரியன் அவற்றுக்குப் பின்னால் நிற்கிறது. பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் ஒரே கறுப்பு. உதவித் திட்டத்தில் ஒரே அச்சில் வந்த படகுகள், பெயர்களும் ஒரு கடையின் ஒரே தடித்த எழுத்து. தூரத்தில் கறுப்பின்மேல் வெள்ளைக் கோடு ஒன்று தெரியும், அவ்வளவுதான். மெற்றில்டா மீன் வியாபாரி ஒருவரோடு விலை பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஐஸ் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினார். யூட் வருகிறாராம். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், எனக்கு எல்லாம் புள்ளியாகத்தான் தெரிந்தது. உங்களால் அவ்வளவு தூரத்தில் வாசிக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஆர் வாசிக்கிறது? மற்றதெல்லாம் கோடு கீறினமாதிரி வரும் அக்கா. எங்கட மட்டும் துள்ளிக்கொண்டு வரும்."

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. என்னுடைய எழுத்து ஒரு பெண்ணின் பயத்தை இவ்வளவு தூரத்திலேயே இறக்கி வைக்கிறதே என்று நினைத்தபோது கண் கலங்கியும் விட்டது. அந்தப் பெருமை நெடுநேரம் நிலைக்கவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் ஜெசி நின்றாள். தலைவர் அண்ணையின் மகள், கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை, வயிற்றில் பிள்ளை. கணவனுக்குச் சொந்தமாகக் கடலன்னை என்றொரு படகு. ஒரு படகு அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் ஜெசி கையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். படகு திரும்பிய பிறகுதான் அது வேறு யாருடையதோ என்று தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் பின்னால் வருகிறான் என்று கை காட்டினார்கள். அதற்குள் ஒரு அலை அடித்து அவள் இடுப்பளவு நனைந்து, நிற்கத் தடுமாறினாள். மெற்றில்டா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து, பிள்ளைத்தாய்ச்சி ஓடுகிற ஓட்டமா இது என்று திட்டித் தீர்த்தார். அடுத்த படகுக்கும் ஜெசி எழும்பினாள். அதற்கடுத்ததற்கும். ஒவ்வொரு முறையும் அவள் முகம் மலர்ந்து வாடியதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. கடைசியில் கடலன்னை பத்திரமாகத்தான் வந்தது. ஏன் நனைந்திருக்கிறாய் என்று கணவன் சிரித்துக்கொண்டு கேட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உடுப்பைப் பிழிந்தாள்.

எனக்கு அப்போதுதான் நான் வந்த வேலை நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் எல்லாப் படகும் துள்ளப்போகிறது. எல்லாம் துள்ளுவதும் எதுவும் துள்ளாததும் ஒன்றுதான். ஜெசி தொடர்ந்து ஓடுவாள். மெற்றில்டாவும் இனி ஓட வேண்டியிருக்கும். அதைச் செய்து கொடுக்கத்தான் நான் அளவுநாடாவோடு வந்திருக்கிறேன்.

தலைவர் அண்ணை ரோல்ஸும் பிளேன்ரீயும் கொண்டு சந்தோசமாக வந்தார். நான் சுற்றிவளைக்காமல், எல்லாப் படகுக்கும் அதே எழுத்தைத் தர முடியாது என்றேன். அவருக்கு வந்த கோபம் நியாயமானது. ஓம் என்று சொன்னவள் நான். திருநாள் நெருங்கிவிட்டது, வெளிநாட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, நீங்கள் செய்யாவிட்டால் வேறு கடை இல்லையா என்று சத்தம் போட்டார். எனக்கும் வாய் சும்மா இருக்காது, நானும் சத்தம் போட்டேன். ஆட்கள் கூடிவிட்டார்கள். எழுத்தின் அழகைப் பற்றி அங்கே விளக்கம் சொன்னால் எடுபடாது என்பது மட்டும் எப்படியோ எனக்கு விளங்கியது.

"அண்ணை, என்னோட கதைக்கிறதை விடுங்கோ. காலமை உங்கட மகள் எத்தினை படகுக்கு ஓடினவா எண்டு அவாவையே கேளுங்கோ" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். ஈர உடுப்போடு அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"மெற்றில்டாக்கா ஓடுறேல்ல அப்பா" என்றாள். "அவாக்கு இஞ்ச நிண்டே தெரியுது. எனக்கும் இஞ்ச நிண்டே தெரியவேணும்."

தலைவர் அண்ணை கொண்டுவந்த பிளேன்ரீயை மகளின் கையில் கொடுத்தார். பிறகு, அப்படியென்றால் என்ன செய்யலாம் என்று சாதாரணக் குரலில் என்னைக் கேட்டார். ஒவ்வொரு படகுக்கும் ஒவ்வொரு எழுத்து, திருநாளுக்கு முன்பே தருகிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நீங்கள் இந்த ஒழுங்கை மாற்றிச் செய்யுங்கள்.

கடைக்கு வந்து சொன்னபோது கீர்த்தனாவின் முகம் விழுந்துவிட்டது. மாதக்கணக்கில் அவள் செதுக்கிய எழுத்துரு அது. ஒரு கரையே அதைக் கேட்டு வந்திருக்க, நான் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மத்தியானம்வரை வேறு பனர் ஒன்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து ஒரு கேள்வி கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே நான் அவளைப் பிறகு கடையில் பங்காளியாக்கியிருக்கலாம், உண்மையில் அப்படித்தான் ஆக்கினேன்.

"ஒவ்வொண்டும் வேற வேற எண்டு ஆர் சொல்லுறது அக்கா? மேசையில வைச்சுப் பாக்கேக்க எல்லாம் வேறமாதிரித்தான் தெரியும். கடல்ல தெரியவேணுமெல்லோ?"

பெரிய காட்போட் மட்டைகளில் கறுப்புப் பூசி, அதன்மேல் வெள்ளைத் தூரிகையால் ஒவ்வொரு பெயரையும் உண்மையான அளவில் எழுதினோம். சாய்ந்தது, குண்டானது, ஈர்க்குக் குச்சி போல் மெலிந்தது என்று எத்தனையோ விதம். கரைக்குக் கொண்டுபோனோம். காலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த மணல் திட்டின் நுனியில் கீர்த்தனா நின்றாள். இந்தப் பக்கம், மட்டைகளைக் கிட்ட ஒருதரம் பார்த்துவைத்த பெண்கள். அவள் மட்டையைத் தூக்கியதும் யாருடைய படகென்று சொல்ல வேண்டும். வாசித்துச் சொன்னால் செல்லாது. வாசிக்க முடியாத தூரத்தில்தான் அவளை நிறுத்தியிருந்தோம்.

என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஆகக் கடுமையான மதிப்பெண்கள் அந்தக் கரையில் வாங்கியவை. கொடியும் சுருளுமாக நான் ஆசையாய் எழுதியதைப் பார்த்து, வலை சிக்குப்பட்டுக் கிடக்கிறது என்றார் ஒருவர். பூ வைத்து எழுதிய வெள்ளிமீன் என்ற படகுப் பெயரைப் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவசரத்தில், மிச்சப் பெயின்ற் முடியட்டும் என்று கொழுக்கட்டை மாதிரி எழுதிய ஒரு பெயரை மட்டும் தூக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். தோற்றவற்றையெல்லாம் அங்கேயே மணலில் உட்கார்ந்து திருப்பி எழுதினேன். தலைவர் அண்ணை நடுவராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டு விசில் ஊதினார்.

கடலன்னைதான் வழிக்கு வரவில்லை. மூன்று விதமாக எழுதியும் ஜெசிக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு யாருடையதோ என்று நினைத்து வாய் மூடிக்கொண்டாள். கடைசியில் இனிப் பார்க்க மாட்டேன் என்று திரும்பிவிட்டாள். நான் தூரிகையை அவள் பக்கம் நீட்டி, உனக்கு எது கண்ணில் படும், நீயே சொல் என்றேன். பெயருக்குள் இருக்கும் 'ட' எழுத்தைக் காட்டினாள். அதைக் கதவளவு பெரிதாக்கி, மற்ற எழுத்துகளை இரண்டு பக்கமும் சின்னதாக விடச் சொன்னாள். நான் கற்றது, நம்பியது எல்லாம் வேண்டாம் வேண்டாம் என்றது. அவ்வளவு அவலட்சணம். ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போவது அவளுடைய கண், என்னுடையதல்ல. எழுதினேன். கீர்த்தனா மட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் அதைப் பாதி தூக்கும்போதே ஜெசி, அவர்தான் என்றாள். கரையே கைதட்டியது. மெற்றில்டா மட்டும், தன்னுடைய துள்ளலை இனி ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தக் கரையைப் பொறுத்தவரை இன்றுவரை காப்பாற்றுகிறோம்.

திருநாளில் படகுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எழுத்துகளோடு கடலில் போயின. ட்ரோன் படத்தைப் பார்த்த வெளிநாட்டுக்காரர், ஏன் ஒரேமாதிரி இல்லை என்று கேட்டாராம். தலைவர் அண்ணை, அந்த யோசனை முழுவதும் தனக்கே தோன்றியதுபோல, அரைமணி நேரம் தொலைபேசியில் விளக்கம் சொன்னாராம். நான் மறுத்துச் சண்டை பிடித்தது அதில் எங்கேயும் வரவில்லை என்று யூட் சொல்லிச் சிரித்தார்.

ஆகவே பிள்ளைகளே, ஒரு எழுத்து எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றால் சந்தோசப்படுங்கள், நானும் சந்தோசப்பட்டவள்தான். பிறகு எழும்பிப் போய், அது எதற்குப் பக்கத்தில் நிற்கப்போகிறது, யார் எங்கே நின்று அதைப் பார்க்கப்போகிறார் என்று பார்த்துவிட்டு வாருங்கள். பஸ் கூட்டமாக இருந்தாலும் போய்வாருங்கள்.

திருநாள் முடிந்து சில வாரத்தில், ஸ்டிக்கர்கள் உப்புக்காற்றைத் தாங்குகின்றனவா என்று பார்க்க மறுபடி கரைக்குப் போனேன். கச்சான் அன்றும் பலமாகத்தான் வீசியது, படகுகள் பிந்தியிருந்தன. ஜெசி மணலில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்ட மெற்றில்டாவின் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னலின் நடுவில் ஒருதரம் தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன், வெயிலின் மினுக்கத்தைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

"வந்திட்டார்" என்றாள்.

மற்றப் பின்னலையும் பின்னி, ரிபன் கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் எழும்பினாள்.